தூக்கிக் கட்டிய பிக்கப்பும் பின் பிரேக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ-வீல் டிரைவ் பிக்கப்புக்கு, சேஸியை உயர்த்தும் சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டுத் தூக்கிக் கட்டுவது தோட்டக்காரர்களிடமும் மலைக்கிராமங்களுக்குச் சரக்கு ஏற்றுபவர்களிடமும் காணப்படும் பழக்கம். கல்லும் பள்ளமுமான தடத்தில் அடி தட்டுகிறது என்பது நியாயமான குறைதான். ஆனால் எதை மாற்றுவது, எவ்வளவு தூக்குவது என்று கேட்காமலே பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த வண்டிகளில் தரையை ஒட்டித் தொங்குவது பின் ஆக்சில் நடுவிலுள்ள கிரவுன் ஹவுசிங் (பல்சக்கரக் கூடு). ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சேஸியும் பாடியும்தான் ஏறும். ஹவுசிங் அங்கேயேதான் இருக்கும். அதை ஏற்ற டயர் ஒன்றே வழி. 245/70 ஆர்16 டயரைக் கழற்றி 265/70 ஆர்16 போட்டால் விட்டம் 28 மி.மீ. கூடும், ஹவுசிங் 14 மி.மீ. உயரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 104-இல் ஓடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சேற்றில் சும்மா சுழலும் பின் சக்கரத்துக்கு உயரத்தால் ஒரு பயனும் இல்லை. நல்ல ஆல்-டெரைன் டயருக்குச் செலவழித்தாலாவது பிடிமானம் கிடைக்கும்.

முன்பக்கம் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கிடையாது, எனவே 4 இன்ச் கூடத் தூக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஷாஃப்ட் இல்லையே தவிர, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு, பிரேக் ஹோஸ் எல்லாம் இருக்கின்றனவே! இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் ஒவ்வொரு ஆர்ம்), காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஷாக்கின் தலையில் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தருகே 40 முதல் 50 மி.மீ. வரை ஏறும், ஷாக்கின் அடிப்பகுதி கீழ் ஆர்மின் நடுவாட்டில் மாட்டியிருப்பதே காரணம். இது தெரியாமல் 2 இன்ச் உயர்த்த 2 இன்ச் ஸ்பேசரையே வாங்கிவிடுகிறார்கள். மேல் பால் ஜாயின்ட் தன் கோணத்தின் எல்லைக்குப் போய்விடும், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஸ்பேசரைவிட, உயரம் கூடிய காயிலும் அதற்கேற்ற நீளமுள்ள ஷாக்கும் மேல். 2 இன்ச்சைத் தாண்டினால் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டியிருக்கும். எது போட்டாலும் வீல் அலைன்மென்ட் பார்த்து, முகப்பு விளக்கையும் தாழ்த்திவிட வேண்டும். இல்லையென்றால் எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

பின்னால் இருப்பது கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் கட்டை கொடுப்பது மலிவான வழி. கட்டையின் உயரம் கூடக்கூட, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்குவது எந்த நிலையிலும் கூடாது. பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும். புதிதாகப் போட்டதையும் 500 கி.மீ. ஓடியபின் மீண்டும் டார்க் (குறித்த முறுக்கு அளவு) வைத்து இறுக்க வேண்டும். பட்டையின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் கிடைப்பது 25 மி.மீ. உயரம்தான், அதோடு பினியன் கோணமும் (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஆக்சிலின் சாய்வு) மாறிவிடும். இன்ஜின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக உள்ள வண்டி கிளம்பும்போது அதிர்ந்தால், அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் உயரத்தையும் கிராஸ்களின் (மூட்டுகளின்) கோணத்தையும் பார்க்க வேண்டும். கூடுதல் பட்டை ஒன்று செருகினால் காலி வண்டி துள்ளும், ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். வண்டியில் அன்றாடம் இருக்கும் சுமையைச் சொல்லி, அந்த எடைக்கென்றே செய்த முழு கமான் செட் வாங்குவதுதான் எங்கள் சிபாரிசு. ஓல்ட் மேன் எமு போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகள் அப்படித்தான் எடைவாரியாக வருகின்றன. செட் மாற்றியதால் ஆர்.சி.யில் உள்ள சுமை அளவு கூடிவிடாது.

இனி பலர் கவனிக்காத ஒன்று. பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேஸியிலுள்ள எல்.எஸ்.பி.வி. வால்வுக்குப் போகும்; சுமைக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு அது. சுமை ஏறி சேஸி இறங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலியாக உயர்ந்து நின்றால் குறையும். பின்பக்கத்தை 2 இன்ச் தூக்கிவிட்டு இந்தக் கம்பியை அப்படியே விட்டால், முழு லோடு இருக்கும்போதும் சுமை குறைவு என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக்கே எல்லாப் பாரத்தையும் தாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்கும் வண்டிக்கு இப்படி ஆனால் முன் டிஸ்க் காய்ந்து பிரேக் நழுவும். தூக்கிய அளவுக்கே கம்பியின் பிராக்கெட்டையும் உயர்த்தி, கம்பெனி மேனுவலில் உள்ள நீளத்துக்கு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

சட்டத்தையும் மறக்கலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே பொருள் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரக்கு வண்டிகள் 8 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப்பின் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வருகின்றன. பெயின்ட்டையும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரையும் பார்ப்பதோடு, குழியில் இறங்கி யூ போல்ட், கட்டை, எல்.எஸ்.பி.வி. கம்பி மூன்றையும் பார்க்கும்படி போக்குவரத்துத் துறை ஆய்வாளர்களுக்கு உத்தரவிட வேண்டும். லிஃப்ட் போடும் பட்டறைகளும் என்ன பொருள், எத்தனை மி.மீ. என்று பில்லில் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கமான் பட்டறைத் தொழிலாளர்கள்,
நாமக்கல்.