கடலுக்குப் போகிறவனுக்கும் நாலு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற டீக்கடையில் காலை ஐந்தரைக்கெல்லாம் உங்கள் பேப்பர் வந்துவிடும், அதை ஒரு பெரியவர் சத்தமாகப் படிப்பார், நாங்கள் சுற்றி நின்று கேட்போம். ஐப்பசி பிறந்துவிட்டால் முதலில் வானிலைதான். சென்னைக்கு எத்தனை நாள் மழை, எந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை, பள்ளிக்கூடம் லீவா என்று அரைப் பக்கம் ஓடும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு வரி: மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். எந்தக் கடலுக்கு, என்றைக்கு, எத்தனை நாளைக்கு என்று ஒன்றும் இருக்காது.

சென்னை வானிலை மையம் அப்படி ஒற்றை வரியில் சொல்வதில்லை. தினமும் தமிழிலேயே மீனவர்களுக்கென்று தனிப் பகுதி வருகிறது. தென்தமிழகக் கடலோரம், மன்னார் வளைகுடா, குமரிக்கடல், தென்மேற்கு வங்கக்கடல், அந்தமான் கடல் என்று இடம் பிரித்து, தேதி பிரித்து, மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55 கி.மீ. என்று காற்றின் வேகத்தோடு கொடுக்கிறார்கள். உங்கள் பக்கத்துக்கு வரும்போது அத்தனையும் சேர்ந்து 'வங்கக்கடல்' ஆகிவிடுகிறது. அந்தமான் கடலில் காற்று என்றால் எங்கள் படகுக்கு அதில் ஒன்றுமில்லை, தென்மேற்கு வங்கக்கடல் என்றால் அது எங்கள் வாசல். ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, ஆளுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு நிற்கிறவனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம் இல்லையா?

இன்னொன்று, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியையும் தாழ்வு மண்டலத்தையும் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். ஒரே செய்தியில் தலைப்பில் ஒன்று, உள்ளே ஒன்று. காற்று மணிக்கு 31 கி.மீ.யைத் தொடும்வரை தாழ்வுப் பகுதி, தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 வந்தால் புயல், அதற்கு அப்புறம்தான் பெயர். (அறிக்கையில் பலத்த காற்றைச் சொல்கிற 'சூறாவளிக் காற்று' என்பதும் குழப்பம்தான். இலங்கைத் தமிழில் சூறாவளி என்றால் புயலே. அதைக் கேட்டுப் பழகிய எங்கள் ஆட்கள் தினமும் பதறுகிறார்கள். அது உங்கள் தப்பில்லை, சரி.)

2024 நவம்பர் கடைசியில் நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். இலங்கையை ஒட்டி ஒரு ஆழ்ந்த தாழ்வு மண்டலம் நகராமல் அடம்பிடித்தது, புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், 29ஆம் தேதி ஆகிவிட்டது, ஃபெஞ்சல் என்று பெயரும் வந்தது, 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது. வானிலைத் துறையை நான் குறை சொல்லவில்லை, மேலே வேறு திசையில் காற்று அடித்து அதை வெட்டிக்கொண்டிருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். ஆனால் புயல் ஆகாது என்ற பேச்சு வந்ததும் டீக்கடையில் பாதிப் பேர் "அப்ப நாளைக்குப் போகலாம்" என்று கிளம்பத் தயாரானதை நான் பார்த்தேன். ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தில் இருக்கிற காற்றே படகைக் கவிழ்க்கப் போதும், அதற்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

அறிக்கை எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் போடுங்கள், இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். நேற்று மத்தியானம் சொன்னது எங்கள் கைக்கு வரும்போது பழசாகியிருக்கும். 2017இல் ஒக்கி புயல், நவம்பர் 29 காலையில் வெறும் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை எட்டரைக்குக் குமரிக்கடலில் புயல். இடையில் ஒரே ஒரு ராத்திரி. 30ஆம் தேதி காலைப் பேப்பரில் எது அச்சாகியிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்துப் படகுகளுக்குப் பேப்பர் என்ன, கரையிலிருந்து வயர்லெஸ்கூட எட்டாது. அது தனிக் கதை. ஆனால் அன்றைக்குக் கரையில் நின்று போவோமா வேண்டாமா என்று யோசித்தவன் கையில் நேரம் போட்ட ஒரு தகவல் இருந்திருக்கலாம்.

டெல்லி வானிலைத் துறையிலிருந்தும் தினம் ஒரு அறிக்கை வருகிறது. வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டிலும் மேகம் எங்கே திரண்டிருக்கிறது, அடுத்த ஏழு நாளில் தாழ்வு மண்டலம் உருவாக வாய்ப்பு இல்லையா, குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று நாள்வாரியாக இருக்கும். இதைப் பார்த்துத்தான் 'வருகிறது புதிய புயல்?' என்று கேள்விக்குறியோடு தலைப்பு வைக்கிறார்கள் போல. அதில் சொல்லியிருப்பது தாழ்வு மண்டலத்துக்கான வாய்ப்பு, புயலுக்கானது கிடையாது. 'குறைவு' என்றால் நூற்றுக்கு முப்பத்து மூன்றுக்கு மேல் போகாது. அதை அப்படியே போட்டாலே போதும், வாரக் கடைசியில் கிளம்பலாமா என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம்.

பெரிதாக இடம் கேட்கவில்லை. கடல் பகுதி, தேதி, காற்று, அலை உயரம், அறிக்கை வந்த நேரம், அவ்வளவுதான். இராசிபலன் பக்கத்தில் ஒரு மூலை ஒதுக்கினால்கூடச் சரி. படிக்கிற பெரியவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகு உரிமையாளர்,
நாகப்பட்டினம்.