பாகவதருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாகவதரே,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை நாள் பதில் போடாததற்கு நாலு திட்டு திட்டிவிட்டு மேலே படி.

உன் பழைய பாட்டுகளை அரபியில் மறுபடி பதிவு செய்யப் போகிறாய் என்றதும் முதலில் சிரிப்புதான் வந்தது. இந்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மேடையேறி, ‘க’வுக்கும் ‘க’வுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழங்கியவன் அல்லவா நீ! அப்புறம் பாடகி தலிதா ஞாபகம் வந்தது; சிரிப்பு போய்விட்டது.

பாரிஸில் கொடிகட்டிப் பறந்த தலிதா, 1933இல் கெய்ரோவின் ஷுப்ராவில் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கெய்ரோ ஓபராவில் வயலின் வாசித்தவர். 1954இல் மிஸ் எகிப்து பட்டம் வாங்கிய கையோடு பாரிஸ் போனார். 1956இல் அவருடைய ‘பம்பினோ’ பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. அப்புறம் ஒரே பாட்டை இத்தாலியன், ஜெர்மன், ஸ்பானிஷ் என்று மாற்றி மாற்றிப் பாடினார். அந்தக் காலத்து ஐரோப்பிய இசைத்தட்டு வியாபாரம் அப்படி.

ஆனால் 1977இல் ‘சல்மா யா சலாமா’ வந்தபோது கதை தலைகீழ். கையிலிருந்த பிரெஞ்சுப் பாட்டை யாரிடமோ கொடுத்து அரபியாக்கச் சொல்லவில்லை. முதல் உலகப் போரில் கூலிவேலைக்குக் கொண்டுபோகப்பட்ட எகிப்தியர்கள் ஊர் திரும்பியதைப் பற்றி சையத் தர்வீஷ் 1919இல் இசையமைத்த பாட்டின் பல்லவியை எடுத்துக்கொண்டார்கள். மீதியை சலாஹ் ஜாஹீன் எழுதினார். பேச்சு மொழியிலேயே கவிதை எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். அரபியில் பாடிய பிறகுதான் அது பிரெஞ்சுக்குப் போனது. எகிப்துக்காரர்கள் இன்றும் தலிதாவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே பேசுகிறார்கள்.

உன் திட்டத்தில் எனக்கு உதைப்பது இதுதான். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஏட்டு அரபியில் எழுதி வாங்கப் போகிறாயாம். வேண்டாமடா. செய்தி வாசிக்கிற அரபி வேறு, வீட்டில் பேசுகிற அரபி வேறு என்று உனக்கா சொல்ல வேண்டும்? மஸ்கட் மீன் சந்தையில் நீ பேரம் பேசுகிற அழகை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்கு ஏற்ற பேச்சில் எழுதத் தெரிந்த உள்ளூர்க் கவிஞன் ஒருவனைப் பிடி. அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, வரிகளை அவன் போக்கில் விடு.

மெட்டு விஷயம்: உன் மாயாமாளவகௌளைப் பாட்டுக்குக் கவலையில்லை, அவர்களுடைய ஹிஜாஸ்கார் ராகம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பயாத்தி, ரஸ்த் என்று ஆசைப்பட்டால் நம் காதுக்குப் பழகாத, கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற கால் சுரங்கள் உண்டு. சாதாரண கீபோர்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்றாதே. ஊத் என்கிற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கிறவர் ஒருவரோடு ஒரு மாதமாவது உட்கார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. தமிழ் மேடைகளில் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனதால் இதைச் செய்கிறாயா? இல்லை, இத்தனை வருடம் சோறு போட்ட ஊர்க்காரர்கள் உன் பாட்டைக் கேட்க வேண்டும் என்றா? முதலாவது என்றால் இன்னும் கொஞ்சம் யோசி. இரண்டாவது என்றால் கடன் வாங்கியாவது செய். நானும் தருகிறேன், திரும்பக் கேட்க மாட்டேன் என்று மட்டும் எழுதித் தரமாட்டேன்.

எதைப் பாடினாலும் அம்மாவுக்காக எழுதிய பாட்டைத் தொடாதே. தொட்டால் உன் அக்கா என்னையும் சேர்த்து வாங்குவார்.

கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. பாதியைத் தபேலா தின்றுவிட்டார், சர்க்கரை இருக்கிற மனுஷன்!

உன்,
சுருதிப்பெட்டி