கருத்தடை பெண்ணுக்கு மட்டும் எழுதி வைத்த வேலையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், வைத்தியர் பதில் பகுதியில் ஒரு பெண் கேட்டிருந்தார். கருத்தடைக் குளிசை போட்டால் தலையிடி வருகிறது, ஆணுறை பாவிக்கக் கணவருக்கு விருப்பமில்லை, என்ன செய்வது என்று. பதிலின் கடைசி வரி இது: "கணவரை வற்புறுத்தி அவர் மனதை நோகடிக்காமல், உங்களுக்குப் பொருந்தும் வேறு முறைக்கு நீங்கள் மாறிக்கொள்வதே நல்லது."

இந்த வரி எனக்கு உங்கள் பத்திரிகை வழியாக வரவில்லை. என் மருமகன் அதைப் படம் பிடித்து மகளிடம் காட்டியிருக்கிறார். அவள் எனக்கு அனுப்பினாள். "அம்மா, பேப்பரில டொக்டரே சொல்லிட்டார், இனி நான் என்ன கதைக்கிறது?" என்று கேட்டாள். கேள்வி அனுப்பிய பெண் என் மகள் அல்ல. ஆனால் அவளுக்கும் அதே தலையிடிதான். முதலில் கண்ணுக்கு முன்னால் வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடும், பிறகு ஒரு பக்கம் மட்டும் இடிக்கும். கிளினிக்கில் இதைச் சொன்னவுடனேயே குளிசையை நிறுத்தச் சொன்னார்கள். இந்த மாதிரித் தலையிடி உள்ளவர்கள் இரண்டு ஹோர்மோன் சேர்ந்த குளிசை எடுத்தால் பக்கவாதம் வரும் ஆபத்துக் கூடுமாம். உங்கள் வைத்தியர் எப்படிப்பட்ட தலையிடி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணவர் மனம் நோகும் என்பது மட்டும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்திருக்கிறது.

நான் திருக்கடலூரில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். இவருக்குக் கடல்தொழில், எனக்குத் தையல். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஊசி போட்டார்கள். சில பேருக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்கு நாற்பது நாளாகியும் தீட்டு நிற்கவில்லை. அந்த வருடம் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு நான் உள்ளே போகவில்லை. வீதியில் ஒரு கடை வாசலில் நின்று கும்பிட்டேன். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பொய் சொன்னேன். பிறகு கருப்பைக்குள் லூப் வைத்தார்கள். இடுப்பு வலி தாங்காமல் எடுத்துவிட்டேன். அப்புறம் மூன்றாவது பிள்ளை. அந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிரஷர் ஏறி, என்னைப் பிழைக்க வைத்ததே பெரிய காரியம்.

மூன்றாவது பிறந்த பிறகு எங்கள் பகுதி மருத்துவிச்சி அம்மா வீட்டுக்கு வந்தார். இவர் முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். ஆண்களுக்கும் சின்ன ஒப்பரேசன் ஒன்று இருக்கிறது என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். இவர் வலையைக் கீழே வைத்தார், எழும்பினார், கடற்கரைப் பக்கம் போய்விட்டார். இரவு வந்து, "நாளைக்கு என்னைக் கரையில ஆம்பிளை எண்டு மதிப்பாங்களா? தோணி தள்ள ஏலுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் பெண்களுக்கான ஒப்பரேசனுக்கு நான் போய்ப் படுத்தேன். சின்னதாகத்தான் வெட்டினார்கள், ஆனாலும் வெட்டினது வயிறு. அதற்குப் பிறகு மெஷின் மிதிக்க இரண்டு மாதம் எடுத்தது.

இவர் கெட்ட மனிதர் இல்லை, ஆசிரியர் அவர்களே. அதைத்தான் நான் எழுத வந்தேன். அவருக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. மூதூரில் இருக்கிற என் அத்தான் அதே ஒப்பரேசனைச் செய்தார். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, விந்தணு வருகிற குழாயை இரண்டு பக்கமும் வெட்டிக் கட்டினார்களாம். அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை, அன்றைக்கே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஒரு கிழமை பாரம் தூக்கக் கூடாது என்றார்கள், பிறகு பழையபடி கடலுக்குப் போனார். ஒப்பரேசன் செய்த அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று மாதம் வேறு முறையும் பாவிக்க வேண்டும், பிறகு விந்தைப் பரிசோதித்து அணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். ஆண்தன்மைக்கான ஹோர்மோன் இரத்தத்தில் போகிறது, அந்தக் குழாயில் இல்லை. பலமும் குறையாது, ஆசையும் குறையாது. இதைக் கேட்டு இவர் கனநேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு ஆர் இதைச் சொன்னது?" என்றார். அதற்குள் என் வயிறு வெட்டியாகிவிட்டது.

இந்த ஊர் கிளினிக் உங்களுக்குத் தெரியாததா? காலையில் வாங்கு நிறையத் தமிழ்ப் பெண், முஸ்லிம் பெண், சிங்களப் பெண். எல்லோர் கையிலும் அட்டை, ஊசித் திகதிகள். கூட்டி வந்த கணவன்மார் வெளியே மோட்டார் சைக்கிளில். அவர்களை உள்ளே கூப்பிடவும் ஆளில்லை, வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு வர எல்லாராலும் ஏலாது. இதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முதல் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாங்கு உடைந்திருக்கிறது என்ற பகுதியை மட்டும் நாலு வரியில் போட்டீர்கள். ஆண்களைப் பற்றி எழுதியது முழுக்கப் போய்விட்டது. அன்றைக்கும் எனக்கு மனது நொந்தது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். என் கடைசி மகனுக்குச் சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் வந்தபோது, "அந்தப் பக்கங்களை வீட்டில் வாசியுங்கோ" என்று தாண்டிவிட்டார்கள். தெரியாத இடத்தில் பயம்தான் முளைக்கும். 2018இல் அம்பாறையில் சாப்பாட்டில் கருத்தடைக் குளிசை கலந்தார்கள் என்று கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்களே, கடைசியில் அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாக்கட்டி. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை என்று ஒன்றே இல்லை என்பது இந்த மாகாணத்தில் எத்தனை ஆண்களுக்குத் தெரியும்?

"மாறிக்கொள்வதே நல்லது" என்று எழுதுவது லேசு. மாறும் நேரத்தில் பிள்ளை தங்கிவிட்டால்? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம். மற்ற எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆணுறையால் ஒரு ஆணுக்கு வரும் சங்கடம் சில நிமிடம். நான் இங்கே சொன்ன முறைகளில் நோய்த்தொற்றையும் சேர்த்துத் தடுப்பது அது ஒன்றுதான், அதையும் வைத்தியர் எழுதவில்லை. பிள்ளை இரண்டு பேருக்கும்தானே? அப்படியென்றால் தடுப்பதும் இரண்டு பேரும் இருந்து கதைத்துத் தீர்மானிக்க வேண்டியது.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், கணவன்மாருக்கென்று ஒரு பதிலை அந்த வைத்தியரிடம் எழுதி வாங்கிப் போடுங்கள். திருகோணமலையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரமாவது கணவனும் மனைவியும் சேர்ந்து போகக்கூடிய கிளினிக் நடத்தச் சொல்லி, உரியவர்கள் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தையும் போடுங்கள். இந்த முறை வெட்ட வேண்டாம்.

என் பெயர் மட்டும் வேண்டாம். மகள் வாழ வேண்டிய வீடு. வைத்தியரின் பதில் வருகிற அன்றைக்குப் பத்திரிகையை அப்படியே மருமகன் கையில் கொடுக்கச் சொல்லி அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருக்கடலூர், திருகோணமலை.