தோட்டங்களுக்குப் பல் வைத்தியர் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பற்களைச் சில நாட்களில் பளிச்சென்று வெண்மையாக்குவதாகக் கூறும் பசைகளும் தூள்களும் ஹட்டன், தலவாக்கலைக் கடைகளில் இப்போது தாராளமாக விலைபோகின்றன. வாங்குவோரைக் குறைசொல்ல முடியாது. வேலை தேடிக் கொழும்புக்குச் செல்லும் நம் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சப்படுகிறார்கள். ஆயினும் பல்லின் நிறத்தைவிடப் பெரிய கவலை, பல்லையே இழக்கவைக்கும் ஈறு நோய்.

நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1970இல் தொடங்கி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். பல் துலக்கும் பழக்கமும் சிகிச்சையும் இல்லாத இடத்தில் ஈறு நோய் எப்படி வளர்கிறது என்று அறிவதே அவர்களின் நோக்கம். 1986இல் வெளியான முடிவின்படி, சொத்தைப் பல் அநேகமாக இல்லாதிருந்த அத்தொழிலாளரில் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாகவும் 81 வீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 வீதத்தினருக்கு மட்டுமே ஈறு வீக்கத்தோடு நின்றது. உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளோ பல்வலி வந்தால் இன்னமும் கிராம்பையும் பனடோலையுமே நம்பியிருக்கிறார்கள். வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும், பஸ் செலவு வேறு. பொறுத்துப் பொறுத்து, பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றான பிறகே போகிறார்கள்.

கொழுந்து பறிக்கையில் குளிருக்கும் பசிக்கும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் வெற்றிலை ஈறு நோயைவிடப் பயங்கரமானது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே உறுதிப்படுத்திவிட்டது. நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. வெற்றிலைக் கறையைப் போக்கக் கரியையும் செங்கல் தூளையும் தேய்ப்பவர்கள் எனாமலைத்தான் தேய்த்துப் போக்குகிறார்கள். கறையைப் பல் வைத்தியர் சுரண்டி எடுத்துவிடுவார். கன்னத்தின் உட்புறத்தில் படிந்து, துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலத்தையும், வாய் இறுகி அகலத் திறக்க முடியாமற் போவதையும் கண்டால், அவை புற்றுநோய்க்கு முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால், உடனே அவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லாததால் ஒருவரும் காட்டுவதில்லை.

பாடசாலைப் பல் சிகிச்சையாளரின் சேவை 13 வயதுவரைதான் கிடைக்கிறது. தெத்துப்பல்லாக எழும்பும் வேட்டைப்பல் முளைப்பதோ 11, 12 வயதில். ஒழுங்கீனம் வெளியே தெரியும்போது பிள்ளை அச்சேவையைத் தாண்டும் வயதை நெருங்கிவிடுகிறது. பின்னர் கம்பி போடுவதற்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு மாதாமாதம் போய்வர எத்தனை குடும்பங்களால் முடியும்? அந்த வயதிலேயே பார்த்து எழுதி அனுப்பும் முறையாவது வேண்டும்.

சுகாதார அமைச்சும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்து, நடமாடும் பல் சிகிச்சை வண்டி ஒவ்வொரு தோட்டத்திற்கும் குறித்த நாளில் வருவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளையே அதற்கும் வைத்துக்கொண்டால், தாய்மாரின் வாயையும் அப்போதே பார்த்துவிடலாம். வண்டிக்கு வருபவர்களுக்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது. வெட்டினால் யாரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஸ்கெலியா.