கூரை வழக்கும் உன் 35 கேள்விகளும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. ஃப்ரீமாண்டில் எங்கள் முருங்கை இந்தக் குளிருக்குத் தப்பி மறுபடி துளிர் விட்டிருக்கிறது.

சரி, கூரை வேலையைச் சரியாகச் செய்யாத காண்ட்ராக்டர் மேல் நீ போட்டிருக்கும் வழக்குக்கும், அவருக்கு அனுப்ப நீ எழுதிய கேள்விகளுக்கும் வருகிறேன். உன் நஷ்டம் 22,000 டாலர் என்கிறாய். கலிபோர்னியாவில் ஸ்மால் கிளெய்ம்ஸில், அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்டில், தனி ஆள் 12,500 டாலர் வரைதான் கேட்கலாம். அதற்கு மேல் 35,000 வரை லிமிடெட் சிவில் என்ற வகை வழக்கு. என் சமையலறை வழக்கும் அதே வகைதான். அதனால் நான் பட்டது உனக்கு அப்படியே உதவும்.

விசாரணைக்கு முன்னால் எதிராளிக்கு எழுத்தில் கேள்விகள் அனுப்பலாம், அவர் சத்தியம் செய்து பதில் எழுத வேண்டும். அப்படி நான் எழுதிய முதல் கேள்விப் பட்டியலை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. "வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஏன் எங்களை ஏமாற்றினீர்கள்?" என்றுதான் ஆரம்பித்திருந்தேன். மூன்று பக்கமும் கோபம். நல்லவேளையாக, அனுப்புவதற்கு முன்னால் வக்கீல் இல்லாதவர்களுக்கு உதவும் கோர்ட்டின் செல்ஃப் ஹெல்ப் சென்டருக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண்மணி படித்துவிட்டு, "இதற்கு 'ஏமாற்றவில்லை' என்று ஒரே வரியில் பதில் வரும். உங்கள் கையில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். அன்று ராத்திரி எல்லாவற்றையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

நம் வகை வழக்கில் ஓர் எதிராளிக்கு மொத்தம் 35தான். கேள்வி, ஆவணம் கேட்பது, "இதை ஒப்புக்கொள்" என்று கேட்பது மூன்றும் சேர்த்து அவ்வளவுதான். அதனால் முதலில் கேள்வி எழுத உட்காராதே. நீதிபதி முன்னால் நீ எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுது: ஒப்பந்தம் இருந்தது, பணம் கொடுத்தாய், வேலை சரியில்லை, அதனால் இவ்வளவு நஷ்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உன்னிடம் இருக்கும் அத்தாட்சியை எழுதிக்கொண்டே வா. எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் கேள்வியைச் செலவழிக்க வேண்டும். செக் நகல் உன்னிடமே இருக்கும்போது பணம் வாங்கினீர்களா என்று ஏன் கேட்கிறாய்?

நீ அனுப்பிய மாதிரியில், "யார் பழைய கூரையைப் பிரித்தார்கள், எப்போது, ஏன் தார்ப்பாய் போடவில்லை?" என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். ஒரு கேள்விக்குள் பல கேள்வி இருக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். அவருடைய வக்கீல் அதைச் சொல்லியே ஆட்சேபணை எழுதிவிடுவார். "எங்கள் கூரையில் வேலை செய்த ஒவ்வொருவரின் பெயரையும் முகவரியையும் கூறவும்" என்று கேள். தார்ப்பாயைத் தனியாகக் கேள்.

மழைதான் காரணம், வேலை இல்லை என்று அவர் பதில் மனுவில் சொல்லியிருக்கிறார் அல்லவா? "அப்படிச் சொல்வதற்கு ஆதாரமாக நீங்கள் கொள்ளும் எல்லா உண்மைகளையும் கூறவும்" என்று ஒரு கேள்வி கட்டாயம் வை. என் வழக்கைத் திருப்பியது இப்படி ஒன்றுதான். நான் டிசைனை மாற்றியதால் தாமதம் என்று என் எதிராளி வாதாடினார். எந்தத் தேதியில், எதை மாற்றினேன் என்று சத்தியம் செய்து எழுத வேண்டி வந்தபோது ஒரு தேதிகூட அவரால் தர முடியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் தீர்த்துவிடாதே. நான் 24 அனுப்பிவிட்டு மிச்சத்தை வைத்திருந்தேன். பதிலைப் படித்த பிறகுதான் எங்கே மழுப்பியிருக்கிறார் என்று தெரியும்.

அப்புறம், இந்தப் பட்டியலைக் கோர்ட்டில் தாக்கல் செய்யக்கூடாது. உன் எதிராளிக்கு வக்கீல் இருப்பதால் வக்கீலுக்கே போக வேண்டும், அசல் உன்னிடம் இருக்கட்டும். நீயே தபாலில் போடவும் கூடாது. வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய ஒருவர் அனுப்பி, அனுப்பியதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் வழக்கில் என் வீட்டுக்காரரும் வாதி என்பதால் பக்கத்து வீட்டு அக்காதான் போட்டார். பதிலுக்கு 30 நாள், மாநிலத்துக்குள் தபால் என்றால் இன்னும் 5 நாள். விசாரணைத் தேதிக்கு 30 நாள் முன்பே இந்தக் கேள்வி-பதில் கட்டம் முடிந்துவிடும், அதனால் தள்ளிப்போடாதே.

பதில் வந்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் பார். உண்மை என்று உறுதி கூறி அவரே கையெழுத்திட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பதிலே வராத மாதிரிதான். அரைகுறைப் பதில் என்றால் முதலில் வக்கீலுக்குக் கடிதம் எழுதிப் பேசிப் பார்க்க வேண்டும். சரியான பதில் தரச் சொல்லிக் கோர்ட்டுக்கு மோஷன் (மனு) கொண்டுபோக 45 நாள்தான் அவகாசம் என்பதால், பதில் அனுப்பப்பட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வை.

திருத்திய பட்டியலை எனக்கு அனுப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், போனிலேயே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கலாம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி