சம்பா கோதுமையை நொய்யாக்கிய உமி நீக்கும் இயந்திரம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: வீட்டு உபயோக உமி நீக்கும் இயந்திரம் சம்பா கோதுமைக்குப் பயன்படாமை – செலுத்திய ரூ. 24,500ஐத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஏப்ரல் 6ஆம் தேதி உங்களிடம் வாங்கிய அரைக் குதிரைத்திறன் இயந்திரம் குறித்து இதுவரை 11 முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். 4 மின்னஞ்சல்களும் அனுப்பிவிட்டேன். நீங்கள் கொடுத்த 3 புகார் எண்களும் "தங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு முடித்துவைக்கப்பட்டன. யாருடைய குறை தீர்ந்தது என்று தெரியவில்லை, என்னுடையது தீரவில்லை. ஆகவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இயந்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் இடப்பக்கத் திருகு, அதன் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு ஆகியவற்றை வடிவமைத்தவர்கள் நீங்கள். உங்கள் கையேடு சொன்னபடி, சிவப்புக் கோட்டுக்கு இப்பால் திருகை வைத்தால் உமி கழலுவதில்லை. 8 கிலோவை மும்முறை ஓட்டியும் பாதிக்கு மேல் போட்டது போட்டபடியே வந்தது. கோட்டைத் தாண்டி இறுக்கினாலோ மணி உடைந்து, நொய்யும் உமியும் ரப்பர் வாடையும் ஒன்றாகக் கலந்து விழுகின்றன. இப்படி 14 கிலோ போயிற்று. அட்டைப்பெட்டியின் மேல் "சம்பா கோதுமை, வரகு, சாமை, குதிரைவாலி" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, கோதுமைக் கதிரின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தை நம்பித்தான் வாங்கினேன்.

முதல் தடவை பேசியபோது உங்கள் ஊழியர் கேட்ட கேள்வி இது: "கோதுமைக்கு ஏது சார் உமி?" சப்பாத்திக்கு வாங்கும் கோதுமை கதிரடித்தவுடன் மணியாக உதிர்ந்துவிடும். சம்பா கோதுமை அப்படியன்று. மராட்டியத்தில் கப்லி என்று சொல்லப்படும் இந்தப் பழைய இனத்தில், அடித்தால் கதிர்த்தண்டுதான் துண்டு துண்டாக உடையுமே தவிர மணி வெளியே வராது. துண்டுக்குப் பெரும்பாலும் இரண்டு மணியாக, இறுகிய உமிக்குள்ளேயே இருக்கும். நெல்லைப் போல இதற்கும் உமி நீக்க வேண்டும், அதற்காகவே உங்கள் இயந்திரம் என்றால், அதை விற்கும் நிறுவனத்துக்குள் இதை அறிந்தவர் ஒருவரும் இல்லையா? பண்டை எகிப்தியர் ரொட்டிக்கும் பியருக்கும் இதே இனத்தைத்தான் உரலில் குத்திப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய உரலுக்குச் சேவை மையம் இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

குன்னூர்ப் பக்கம் இன்னும் இதை விளைவிக்கும் ஒருவரிடமிருந்து 2 கிலோ விதை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள 5 சென்ட் செம்மண்ணில், கார்த்திகை மழை ஓய்ந்தபின் உமியோடே விதைத்து, கிணற்று நீர் பாய்ச்சி, கிளியை விரட்டி, பங்குனி இரண்டாம் வாரத்தில் அறுத்து, வளவு முற்றத்தில் ஐந்து நாள் காயவைத்து எடுத்தது 31 கிலோ. எங்கள் வெக்கைக்கு அது வருமா என்று ஊரே கேட்டது, வந்தது. என் வாழ்நாளில் இனி இப்படியொரு விளைச்சலைக் காண்பேனா என்பது ஐயம். அதில் ஏறத்தாழப் பாதியை உங்கள் இயந்திரம் அழித்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மே 14ஆம் தேதி, அக்கினி நட்சத்திர வெயிலில், "நேரில் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்து தருவார்கள்" என்ற உங்கள் ஊழியரின் சொல்லை நம்பி, 34 கிலோ எடையுள்ள இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக் காரைக்குடிக்கும், அங்கிருந்து பேருந்தில் சுமைக் கட்டணம் கட்டிப் புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கும் கொண்டு சென்றேன். சேவை மையம் பூட்டிக்கிடந்தது. "இருப்புக் கணக்கெடுப்பு, மூன்று நாள் லீவு" என்று காவலாளி சொன்னார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். இவ்வளவு நாளில் உங்கள் தரப்பில் மரியாதையோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். வாசற்படியில் உட்கார்ந்தபடி உங்கள் எண்ணை அழைத்தபோது, பேசிய தம்பி இணைப்பை நிறுத்திவைத்ததாக எண்ணிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது: "பெருசு மறுபடியும் கூப்பிடுது."

32 ஆண்டுகள் உயர்திணையும் அஃறிணையும் கற்பித்தவன் நான். பேச்சுவழக்கில் "கூப்பிடுது" என்ற அஃறிணை விகுதி சாதாரணம் என்று எனக்கும் தெரியும். ஆனால் 24,500 ரூபாயை மறுபேச்சில்லாமல் கட்டியபோது நான் "சார்". பழுதென்று சொன்னபோது "கூப்பிடுது". பிறகு அவரே என்னிடம், "கடையில் ரவை வாங்கினால் நூறு ரூபாயில் முடிந்துவிடுமே, எதற்கு இவ்வளவு சிரமம்?" என்று அறிவுரையும் சொன்னார். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

தொழில்நுட்பப் பணியாளர் அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில், வீட்டுக்கு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தம் பையிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டார், அரிசி வந்தது, "மெஷின் நல்லாத்தான் ஓடுது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோதுமையைப் போடச் சொன்னதற்கு அது தம் வேலையில் சேராது என்றார். அன்று இயந்திரம் அதிர்ந்த அதிர்ச்சியில் என் பாட்டனார் காலத்தில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் இரண்டு விரிசல் விட்டுவிட்டன. அதே பூப்போட்ட கல் இனி எங்கே கிடைக்கும்?

இப்போது என் மனைவி, முழங்கால் வலியோடு, இலேசாக நீர் தெளித்து உரலில் குத்திச் சுளகில் புடைக்கிறாள். அரைப்படி குத்த முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் ஒரு மணிகூட உடைவதில்லை. 87 வயதான என் ஆத்தா திண்ணையிலிருந்து பார்த்து, "இதுக்கா இருபத்தஞ்சாயிரம் குடுத்தே?" என்று நாள்தோறும் கேட்கிறார். அதற்கு நீங்கள்தான் பதில் எழுதித்தர வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை கிடையாது. இயந்திரத்தை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும், திருச்சிப் பயணச் செலவு ரூ. 860ஐயும் 15 நாட்களுக்குள் அனுப்பினால் இதை இத்தோடு மறந்துவிடுகிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சிவகங்கை மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்; பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஓய்வுபெற்றவனுக்கு நேரம் நிறைய உண்டு. அப்போது மன உளைச்சலுக்கு 1 லட்சமும், அந்த இரண்டு கற்களுக்கான விலையும் சேர்த்தே கேட்பேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இயந்திரம் வளவுத் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துச் செல்ல யார் வந்தாலும் சரி, அந்தத் தொலைபேசித் தம்பி மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், மூன்று குறுஞ்செய்திகளின் நகல், நொய் ஒரு பொட்டலம்.

பி.கு.: மீதமுள்ள 9 கிலோ உமியோடு இருக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு படி தருவேன். அதற்கு மேல் இல்லை. கார்த்திகைக்கு விதை வேண்டும்.