துவர்க்கும் ஒயினுக்கு வாத்துக் கறி

அன்புள்ள யாழினி,

தென்மேற்கு பிரான்சின் மதிரான் சிவப்பு ஒயின் ஒரு மடக்கு குடித்ததும் கடுக்காய் கடித்ததுபோல் நாக்கு இழுத்துக்கொண்டது, கெட்டுப்போன சரக்கோ என்று கேட்டிருந்தாய். கெடவில்லை. அது அந்த ஒயினுக்கு எடுக்கும் தன்னா என்ற திராட்சை வகையின் குணம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால்தான் கார்க் கெட்டது என்று அர்த்தம். அப்போது கடையில் திருப்பிக் கொடு.

ஒயினின் துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து இறங்குவது. தன்னாவில் அது மிகுதி. எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. பக்கத்தில் கொழுப்பும் புரதமும் உள்ள கறி இருந்தால் அதையும் பற்றிக்கொள்ளும், வாய் தப்பிக்கும். அதனால் இதை வெறும் வாயில் குடிக்காதே. நீ இருக்கும் துலூஸ் பக்கத்து மக்கள் வாத்தும், வெள்ளை பீன்சும் கறியும் சேர்த்து வேகவைக்கும் காசுலேயும் வைத்துக்கொண்டு இதைக் குடிப்பது சும்மா இல்லை.

சனிக்கிழமை ஐந்து பேருக்கு வாத்து மார்புக்கறி, அதுதான் மக்ரே, மூன்று வாங்கு; ஒன்று 350 முதல் 400 கிராம் இருக்கும். தோலில் மட்டும் கட்டம் கட்டமாகக் கீறு, கத்தி சதையைத் தொட்டால் சாறு ஓடிவிடும். உப்புத் தடவி, சூடாக்காத வாணலியில் தோல் கீழே இருக்கும்படி வைத்து, சிறு தீயில் 10–12 நிமிடம் விடு. சூடான வாணலியில் போட்டால் கொழுப்பு உருகுமுன் தோல் கருகும். இறங்கிய கொழுப்பை அவ்வப்போது வடித்துவிட்டுத் திருப்பிப் போட்டு 3–4 நிமிடம். இறக்கி 5 நிமிடம் மூடிவைத்து நறுக்கு, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உப்பைக் குறைக்காதே, துவர்ப்பை அடக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. தேன், ஆரஞ்சு சாஸ் வேண்டாம். இனிப்புக்குப் பின் ஒயின் கசக்கும், புளிக்கும்.

நம்மூர்ச் சமையல்தான் வேண்டும் என்றால் ஆட்டுக்கறி மிளகு வறுவல் செய், வற்றல் மிளகாயை மட்டும் கைவிட்டுவிடு. 14 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் மிளகாயும் சேர்ந்தால் நாக்கு தீயாக எரியும், மிளகு அந்த அளவுக்குப் போகாது. மீன் கூடவே கூடாது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து கவுச்சி கிளப்பும்.

இருக்கும் பாட்டில்களில் புதியதைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அகன்ற ஜாடியில் ஊற்றிவிடு. மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, கழுத்தளவுதான் காற்றுப்படும். அதற்காகத் துவர்ப்பு ஓடிப்போய்விடும் என்று எதிர்பார்க்காதே; வாசனை விரியும், முனை கொஞ்சம் மழுங்கும். மதிரான் ஒயின் தயாரிப்பாளர் பத்ரிக் டுகூர்னோ 1990-களின் தொடக்கத்தில் தொட்டியிலேயே நுண்ணிய ஆக்சிஜன் குமிழ்களை விட்டுத் தன்னாவைப் பதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கே மாதக்கணக்கு ஆகும்! பழைய 2010 பாட்டிலை வெள்ளிக்கிழமையே நிமிர்த்தி வை, வண்டல் அடியில் தங்கட்டும். பரிமாறும் நேரத்தில் மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்து.

ஊற்றும்போது ஒயினின் சூடு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் துவர்ப்பு இன்னும் முரடாகத் தெரியும்.

முடிவில் செம்மறியாட்டுப்பால் சீஸ் வை, ஓசோ-இராத்தி என்ற வகை நன்றாகப் பொருந்தும். அதோடு கருப்புச் செர்ரி ஜாம் தருவார்கள். அதை மதிரானோடு சேர்க்காமல், அதே மண்ணில் விளையும் பாஷ்ரான் இனிப்பு வெள்ளை ஒயினுக்கு எடுத்து வை.

750 மில்லி பாட்டிலில் ஆறு கிளாஸ் வரும். மிஞ்சினால் கார்க்கை அடைத்துக் குளிர்பெட்டியில் வை, இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் இன்னும் மென்மையாகக்கூட இருக்கும்.

அன்புடன்,
அப்பா